தழும்பு சிகிச்சை வேலை செய்யுதான்னு எப்படி அளக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தருமபுரியில் பிசியோதெரபிஸ்ட். தீக்காயம், பைக் விபத்து, ஆபரேஷன் தழும்பு என்று வருகிறவர்களுக்குக் கை கால் நீட்டி மடக்கப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சிகிச்சை கொடுப்பது தோல் டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும்தான். ஆனால் டாக்டரிடம் இரண்டு நிமிடம் இருப்பவர்கள் என்னிடம் அரை மணி நேரம் இருப்பதால், கேள்விகளெல்லாம் என்னிடம்தான் வரும். பதினைந்து வருடமாக அதே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் போட்டிருக்கிறேன்.

தழும்பு கொறையுதா இல்லையான்னு கண்ணுலயே தெரியுதே, அதுக்கு எதுக்குங்க மிஷினு?

தினமும் பார்க்கிற கண்ணுக்குத்தான் அது தெரியாது. பாலக்கோடு பக்கமிருந்து ஒரு அக்கா வருவார். களி கிண்டும்போது பானை சாய்ந்து முன்கையில் கொட்டிவிட்டது. களி தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, அப்பிக்கொண்டு சுடும். காயம் ஆழம். ஆறிய பிறகு தழும்பு கயிறு மாதிரி எழும்பிவிட்டது. தழும்பைத் தணிக்கும் சிலிக்கோன் ஷீட்டை ஆறு மாதம் ஒட்டினார். வரும்போதெல்லாம் "ஒண்ணும் ஆகல தம்பி, அப்படியேதான் இருக்குது" என்பார். ஆரம்பத்தில் எடுத்த ஸ்கேனில் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த தடிப்பு, ஆறாம் மாதம் 3-க்குக் கீழே வந்திருந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் நம்பினார்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். எருது விடும் விழாவில் நெஞ்சில் கொம்பு கீறிய ஒரு பையன். தழும்பின் சிவப்பு மங்கியதும் "கொறைஞ்சிடுச்சு சார்" என்று ஊசி போடப் போவதையே நிறுத்திவிட்டான். முதல் நாள் அவன் நெஞ்சில் ஓஎச்பி ஷீட்டை, அதாவது கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாளை வைத்து, மார்க்கர் பேனாவால் தழும்பின் ஓரத்தை வரைந்து வைத்திருந்தேன். அதே ஷீட்டை மறுபடி வைத்தால், ஓரம் கோட்டைத் தாண்டி ஒரு பக்கம் அரை விரல் அகலம் பரவியிருந்தது. நிறம் மங்கியதைப் பார்த்துவிட்டு அளவு குறைந்ததாக நினைத்துவிட்டான்.

ஊசி குத்துவாங்களா? சதைய வெட்டி டெஸ்டுக்கு எடுப்பாங்களா?

இரண்டும் இல்லை. நான் இங்கே சொல்லும் ஸ்கேன் முறைகள் எல்லாமே ஒளியையோ ஒலியையோ தோலுக்குள் அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குபவை. எக்ஸ்ரே கதிர் கிடையாது, மயக்க மருந்து கிடையாது. அதிகபட்சம் ஜில்லென்று கொஞ்சம் ஜெல் தடவுவார்கள்.

சதையை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, அதாவது பயாப்ஸி, தெளிவான பதில் தரும் என்பது உண்மை. ஆனால் தழும்பு விஷயத்தில் அதற்கு இரண்டு தடைகள். ஒன்று, வெட்டிய இடம் இன்னொரு காயம். கெலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பு, வரும் உடம்பாக இருந்தால் அந்தக் காயமே புதுத் தழும்பாக வளரலாம். இரண்டாவது, வெட்டி எடுத்த துண்டை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க முடியாது. சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். வேறு நோயோ என்று சந்தேகம் வந்தால் டாக்டர் பயாப்ஸி கேட்பார், அது வேறு கதை.

எந்த மிஷின்ல என்னதான் தெரியும்? பேரெல்லாம் குழப்பமா இருக்கே.

முதலில் எதை அளக்கிறோம் என்று தெரிந்தால் பேர் குழப்பாது. தழும்பில் அளக்க ஐந்து விஷயம் உண்டு: எவ்வளவு பரப்பு, எவ்வளவு தடிப்பு, என்ன நிறம், உள்ளே எவ்வளவு ரத்த ஓட்டம், எவ்வளவு இறுக்கம். ஐந்தையும் ஒரே மிஷின் அளக்காது. தடிப்புக்கு அதிக அதிர்வெண் அல்ட்ராசவுண்ட். 20 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப்பை (தோல் மேல் வைக்கும் ஸ்கேன் முனை) வைத்தால் தோலின் முழு தடிப்பும், அதற்குக் கீழே உள்ள கொழுப்பும் தெரியும். ஆரோக்கியமான தோல் அதில் வெளிச்சமாகத் தெரியும், எழும்பிய தழும்பு பொதுவாக இருட்டாகத் தெரியும். சிகிச்சை வேலை செய்தால் அந்த இருட்டுப் பட்டை மெலியும்.

ஓசிடி என்பது ஒளியை வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1991-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் உருவானது, முதலில் கண்ணுக்குத்தான் பயன்பட்டது. தோலில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் வரைதான் பார்க்கும், ஆனால் அல்ட்ராசவுண்டை விட நுணுக்கமாகப் பார்க்கும். புது வகைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்களும் தெரியும். கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் இன்னும் நுணுக்கம், செல்லே தெரியும், ஆனால் கால் மில்லிமீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். லேசர் டாப்ளர் ரத்த ஓட்டத்தை வண்ண வரைபடமாகக் காட்டும். நிறத்துக்கு ஒரு பேனா மாதிரிக் கருவி உண்டு, தோலில் வைத்து அழுத்தினால் கருமைக்கு ஒரு எண், சிவப்புக்கு ஒரு எண் சொல்லும். பரப்புக்கும் மேடு பள்ளத்துக்கும் முப்பரிமாண கேமரா. இறுக்கத்துக்குத் தோலை மெல்ல உறிஞ்சி விடும் கருவி. விட்டதும் தோல் எவ்வளவு வேகமாகப் பழைய இடத்துக்கு வருகிறது என்று பார்க்கும். இந்தக் கடைசி ஒன்று படம் எடுப்பதில்லை, ஆனால் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்தேதான் வரும்.

காவேரிப்பட்டணத்து மாம்பழ வியாபாரி ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: "கான்ஃபோகல்னா பழத்தோட தோலு மட்டும். ஓசிடின்னா தோலுக்கு அடியில கொஞ்சம் சதை. அல்ட்ராசவுண்டுன்னா கொட்டை வரைக்கும்." இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்போ எல்லாத்தையும் விட ஓசிடிதான் பெஸ்ட்டா?

தழும்பைப் பொறுத்தது. முகப்பருக் குழிக்கும், லேசர் போட்ட பிறகு மேல்தோல் எப்படி ஆறுகிறது என்று பார்ப்பதற்கும் ஓசிடி அருமை. ஆனால் நெஞ்சில் 5 மில்லிமீட்டர் எழும்பிய கெலாய்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பார்க்கும் மிஷினை வைத்து என்ன செய்வது? அடிப்பகுதியே தெரியாது. அடி தெரியாமல் தடிப்பு எப்படித் தெரியும்? அதற்கு அல்ட்ராசவுண்ட்தான்.

வயித்துக்குப் பாக்குற ஸ்கேன்லயே இதையும் பாத்துட முடியாதா?

வயிற்றுக்கு வைக்கும் வளைந்த ப்ரோப்பில் முடியாது. அது 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடும், ஆழமாகப் போகும், மேலே இருப்பது மங்கல். ஆனால் அதே மிஷினோடு தைராய்டு, ரத்தக்குழாய் பார்க்க நேரான லீனியர் ப்ரோப் ஒன்று இருக்கும். அது 15 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் போனால், எழும்பிய தழும்பின் தடிப்பை ஓரளவு நன்றாகவே அளக்கலாம். தோலுக்கென்று செய்த ப்ரோப் அளவுக்கு நுணுக்கம் வராது. மெல்லிய தழும்புக்கு இது சரிவராது.

போனில் கேட்கும்போது "தோலுக்கு ஸ்கேன் எடுப்பீங்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "லீனியர் ப்ரோப் எத்தனை மெகாஹெர்ட்ஸ், தழும்போட தடிப்பை மில்லிமீட்டர்ல எழுதித் தருவீங்களா" என்று கேளுங்கள்.

கண் ஆஸ்பத்திரியில ஓசிடி இருக்கே, அங்க கைய நீட்டினா எடுத்துத் தர மாட்டாங்களா?

சிரிக்காதீர்கள், ஓசூரிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் உண்மையிலேயே இதைக் கேட்டார். நல்ல கேள்விதான். கண்ணுக்கான மிஷின் கண்ணின் லென்ஸ் வழியாக விழித்திரையில் குவியும்படி செய்தது. ஒளியும் வேறு. கண்ணுக்கு 800-சொச்சம் நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி அதிகம் பயன்படும். தோல் ஒளியை ரொம்பச் சிதறடிக்கும் என்பதால் தோலுக்கு 1300 நானோமீட்டர் சுற்று வட்டாரத்தில் வைப்பார்கள். பேர் ஒன்றுதான், வேலை வேறு.

நம்ம ஊர்லயே எடுக்கலாமா, இல்ல பெங்களூருதான் போகணுமா?

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இலேயே வந்துவிட்டது, கிருஷ்ணகிரியிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தோல் பிரிவு புறநோயாளிச் சீட்டு வாங்கி முதலில் அங்கே காட்டுங்கள். டெர்மாஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவி), லீனியர் ப்ரோப் ஸ்கேன், டாக்டர் போடும் மதிப்பெண், நல்ல போட்டோ, இந்த நான்கும் இருந்தாலே முக்கால்வாசிப் பேருக்குப் போதும். கான்ஃபோகல், தோலுக்கான ஓசிடி போன்றவை பெரும்பாலும் பெரிய ஊர் ஆராய்ச்சி மையங்களில்தான். அதற்காகவே பஸ் ஏறி பெங்களூரு போக வேண்டிய அவசியம் பத்தில் ஒருவருக்குக்கூட வராது என்பது என் அனுபவம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஸ்கேன் எங்கே எடுத்தீர்களோ, கடைசி வரை அங்கேயே எடுங்கள். முதலில் சேலத்தில், அடுத்தது ஓசூரில், பிறகு மைத்துனர் வீட்டுக்குப் போனபோது பெங்களூரில் என்று எடுத்த மூன்று ரிப்போர்ட்டை மேசையில் பரப்பினால், வித்தியாசம் தழும்பினுடையதா மிஷினுடையதா என்று யாருக்கும் தெரியாது.

மொத ஸ்கேன் எப்போ எடுக்கணும்?

சிகிச்சை தொடங்கும் முன்னால். முதல் ஊசிக்கு முன்னால், முதல் லேசருக்கு முன்னால், முதல் ஷீட் ஒட்டுவதற்கு முன்னால். மூன்று ஊசி போட்ட பிறகு "எவ்வளவு குறைஞ்சிருக்கு சார்" என்று வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல முடியும்? எதிலிருந்து குறைந்தது என்று எழுதி வைக்கவே இல்லையே. எவ்வளவு விலை உயர்ந்த மிஷினும் போன வருடத்துத் தோலைப் பார்க்காது. பழைய கல்யாண ஆல்பம், ஆதார் எடுத்தபோது பக்கத்தில் எடுத்த செல்ஃபி என்று தேடி அதிலிருந்து கணிக்க முயன்றிருக்கிறோம். சரிப்பட்டு வரவில்லை.

புண் மூடிய பிறகுதான் தழும்பு ஸ்கேன். திறந்த புண்ணில் ஜெல்லும் ப்ரோப்பும் வைக்க மாட்டார்கள். தீக்காயத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு: காயம் எவ்வளவு ஆழம், தானாக ஆறுமா, தோல் ஒட்ட வேண்டுமா என்று பார்க்க லேசர் டாப்ளர் எடுப்பது உண்டு. அது தோலைத் தொடாமலே எடுப்பது. தீப்பட்ட 2 நாளிலிருந்து 5 நாளுக்குள் எடுத்தால்தான் சரியாகச் சொல்லும். அது காயத்தை அளப்பது, தழும்பை அல்ல.

ஒரு வருசத்துல தழும்பு தானாவே அடங்கிடும்னு எங்க அம்மா சொல்றாங்க. அப்புறம் மருந்துதான் கொறைச்சுதுன்னு எப்படிச் சொல்றீங்க?

உங்கள் அம்மா கேட்டது இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி. அவர் சொல்வது பாதி உண்மையும்கூட. காயத்தின் எல்லைக்குள்ளேயே எழும்பும் தழும்பு, காயம் ஆறிய ஒன்றிரண்டு மாதத்தில் கிளம்பும், ஆறு மாதம் வரை வளரும், பிறகு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே ஓரளவு தணியும். கெலாய்டு அப்படி இல்லை. காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவும், தானாக அடங்குவது அரிது. ஆக, முதல் வகைத் தழும்புக்கு ஆறாம் மாதம் ஒரு ஆயின்மென்ட் தொடங்கினால், அது வெறும் வெண்ணெயாக இருந்தாலும் பன்னிரண்டாம் மாதம் தழும்பு குறைந்துதான் இருக்கும். ஆயின்மென்ட் கம்பெனிக்கு அது நல்ல செய்தி.

இதைப் பிரித்துப் பார்க்க ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. தழும்பு நீளமாக இருந்தால் ஒரு பாதிக்குச் சிகிச்சை கொடுத்து, மறு பாதியை அப்படியே விட்டு, இரண்டையும் அளக்கலாம். ஆராய்ச்சி செய்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். அளப்பவருக்கு எந்தப் பாதியில் சிகிச்சை என்று சொல்லவும் மாட்டார்கள், சொன்னால் கை தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சாதாரணமாகச் சிகிச்சைக்கு வருபவரிடம் பாதியை விட்டுவைக்கலாமா என்று கேட்டால் அடிக்க வருவார். அவருக்குச் செய்யக்கூடியது, ஒவ்வொரு முறையும் தழும்பையும் பக்கத்து நல்ல தோலையும், முடிந்தால் மறு கையில் அதே இடத்தையும் சேர்த்து அளப்பது. வெயில், வயது, எடை எல்லாம் நல்ல தோலையும் மாற்றும். தழும்புக்கும் நல்ல தோலுக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வேகத்தையும் பாருங்கள். சிகிச்சைக்கு முன் ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை அளந்திருந்தால், தழும்பு ஏறுமுகமா இறங்குமுகமா என்று தெரிந்துவிடும். ஏறிக்கொண்டிருந்தது ஊசிக்குப் பிறகு இறங்கினால் ஊசிக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது அதே வேகத்தில் இறங்கினால், அம்மா ஜெயித்தார்.

டாக்டரே பாத்து மார்க் போடுறாரே, அது போதாதா?

அந்த மார்க்குக்கு வான்கூவர் அளவுகோல் என்று பெயர், 1990-இல் வந்தது. ரத்த ஓட்டம், நிறம், வளையும் தன்மை, உயரம், நான்குக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். மார்க் குறைந்தால் நல்லது. பரீட்சைக்குத் தலைகீழ். 2004-இல் போசாஸ் என்று இன்னொன்று வந்தது. அதில் டாக்டர் ஒரு தாளும் நோயாளி ஒரு தாளும் நிரப்புவார்கள். அரிப்பு, வலி, விறைப்பு பற்றி நோயாளியையே கேட்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

மார்க் போடுவதில் குறை என்னவென்றால், ஒரே தழும்புக்கு இரண்டு டாக்டர் இரண்டு மார்க் போடுவார்கள். உயரமும் படிப்படியாகத்தான். 2 மில்லிமீட்டர் வரை ஒரு மார்க், 2 முதல் 5 வரை இன்னொரு மார்க். தடிப்பு 4.8-லிருந்து 2.3-க்கு வந்தாலும் மார்க் மாறாது. பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, தாளில் ஒன்றுமே நடக்கவில்லை. மிஷின் உதவுவது இந்த இடத்தில்தான். அதற்காக மார்க்கைத் தூக்கி எறிய வேண்டாம், இரண்டும் இருக்கட்டும்.

எனக்கு மாநிறத்துக்கும் கொஞ்சம் கம்மி. தழும்பு செவப்பா இல்ல, கருப்பாதான் இருக்கு. மிஷின் என்ன காட்டும்?

வான்கூவர் மார்க்கில் இளஞ்சிவப்பு, சிவப்பு, ஊதா என்று பிரிப்பார்கள். வெள்ளைத் தோலுக்கு அது சுலபம். நம் தோலில் கருமை தரும் நிறமியான மெலனின் சிவப்பை மூடிவிடும். உள்ளே ரத்தக் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும், மேலே பார்த்தால் வெறும் கருமை. தழும்பு அடங்கிவிட்டது என்று நினைத்துச் சிகிச்சையை நிறுத்துகிறவர்களில் பலர் இப்படி ஏமாந்தவர்கள். ரத்தக் குழாயைக் காட்டும் ஓசிடி, லேசர் டாப்ளர் ஆகியவற்றால் நம் நிறக்காரர்களுக்குத்தான் கூடுதல் பயன் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இது. எதுவும் இல்லாவிட்டால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலை விடச் சூடாக இருந்தால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது.

நிறத்தை எண்ணாகச் சொல்லும் அந்தப் பேனாக் கருவியும் கரிய தோலில் தடுமாறும், கருமை அதிகமானால் அதன் சிவப்பு எண்ணை அப்படியே நம்ப முடியாது. இங்கேயும் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டால் ஓரளவு சரியாகும். இன்னொன்று: லேசருக்குப் பிறகு நம் தோல் கருத்துப்போவது சகஜம். தழும்பு மெலிந்தும் நிறம் மோசமாகியிருக்கும். "லேசர் பலிச்சுதா" என்ற கேள்விக்கு அங்கே இரண்டு பதில்.

நேத்து எடுத்தது 3.4, இன்னைக்கு எடுத்தது 3.0. ஒரே நாள்ல கொறையுமா?

குறையாது. அது அளப்பதில் வந்த பிழை. ப்ரோப்பை அழுத்தினால் தழும்பு அமுங்கும், எண் குறையும். அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் வேறு எண். நடந்து வந்த உடனே எடுத்தால் ரத்த ஓட்டம் கூடுதலாகத் தெரியும். கையைத் தொங்கப்போட்டால் ஒன்று, மேசையில் வைத்தால் ஒன்று. ஏப்ரல் வெயிலில் நாலு ரோட்டிலிருந்து நடந்து வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவரை அப்படியே டாப்ளரில் படுக்க வைத்தால், படம் முழுக்கச் சிவப்பாகத்தான் வரும். பதினைந்து நிமிடம் ஃபேன் காற்றில் சும்மா உட்கார வைக்க வேண்டும்.

அதனால் ஒரே உட்காரலில் மூன்று முறை எடுத்துச் சராசரி போடச் சொல்லுங்கள். மூன்றுக்குள்ளேயே அரை மில்லிமீட்டர் ஊசலாடினால், அடுத்த மாதம் அரை மில்லிமீட்டர் குறைந்ததற்கு லட்டு வாங்கித் தர வேண்டியதில்லை. அந்த ஊசலாட்டத்தைத் தாண்டி மாறியதுதான் மாற்றம். இடம் தவறாமல் இருக்க, மச்சத்தையோ கை மடிப்பையோ அடையாளமாக வைத்து "முழங்கை மடிப்பிலிருந்து 6 சென்டிமீட்டர்" என்று எழுதி வைக்கலாம். இல்லாவிட்டால் நான் முதல் பதிலில் சொன்ன ஓஎச்பி ஷீட்டில் மச்சத்தையும் சேர்த்து வரைந்து, ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒரு ஓட்டை போட்டு வைத்தால் போதும். அடுத்த முறை ஷீட்டை வைத்து ஓட்டை வழியாகப் புள்ளி குத்திவிட்டு எடுப்பார்கள்.

மிஷினெல்லாம் முடியாதுங்க. போன்லயே ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது, ஒழுங்காகச் செய்தால். மாதம் ஒரே தேதியில் எடுங்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம். டியூப்லைட் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், பியூட்டி மோடு கண்டிப்பாக வேண்டாம். பல போன்களில் அது தானாகவே ஆன் ஆகி இருக்கும், தழும்பை அதுவே "சரி" செய்துவிடும். தழும்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளும் படத்தில் இருக்கட்டும், தாள் மஞ்சளாகத் தெரிந்தால் நிறத்தை நம்ப வேண்டாம். நேராக ஒரு படம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி இன்னொரு படம். மேடும் பள்ளமும் பக்க வெளிச்சத்தில்தான் நிழல் விழுந்து தெரியும்.

பரப்புக்கு ஓஎச்பி ஷீட், ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். வரைந்ததை கிராஃப் தாளின் மேல் வைத்துக் கட்டங்களை எண்ணுங்கள். நூறு சின்னக் கட்டம் ஒரு சதுர சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் எண்ணித் தரும்.

கிளினிக்ல காட்டுற 'முன்னால், பின்னால்' போட்டோவை நம்பலாமா?

மேலே சொன்ன போன் விதிகளை வைத்து நீங்களே பாருங்கள். முன்னால் படத்தில் பக்க வெளிச்சம், பின்னால் படத்தில் நேர் வெளிச்சம் என்றால், முகப்பருக் குழி ஒரே நிமிடத்தில் "ஆறிவிடும்". என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு கிளினிக்கில் நான்கு முறை லேசர் முடித்து, அவருடைய படங்களையே காட்டி "பாருங்க" என்றிருக்கிறார்கள். பின்னால் படத்தில் கம்மல் பளபளத்தது, முன்னால் படத்தில் அதே கம்மல் இருட்டில் கிடந்தது. தேதி எங்கே என்று கேளுங்கள். கடைசி சிகிச்சை முடிந்து எத்தனை நாளில் எடுத்தது என்றும் கேளுங்கள். லேசர் போட்ட ஒரு வாரத்தில் தோல் வீங்கியிருக்கும், வீக்கத்தில் குழி நிரம்பித் தெரியும். உள்ளே கொலாஜன் என்ற தோல் நார் மாறுவதற்கு மாதக் கணக்கு ஆகும். மூன்று மாதம் கழித்து எடுத்த படம்தான் பேச வேண்டும்.

ஸ்கேன்ல தடிப்பு கொறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. ஆனா அரிப்பு ராத்திரி தூங்க விட மாட்டேங்குது. எது உண்மை?

இரண்டும். மிஷினில் அரிப்புக்குப் பொத்தான் இல்லை. தடிப்பும் அரிப்பும் சேர்ந்தே குறைய வேண்டும் என்று சட்டமும் இல்லை. போசாஸ் தாளில் அரிப்புக்கு ஒன்று முதல் பத்து வரை நீங்கள்தான் மார்க் போட வேண்டும். போட்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பின் அடித்து டாக்டரிடம் நீட்டுங்கள். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு "நல்லா கொறைஞ்சிருக்கே" என்று அனுப்பிவிடுவது நடக்கிறது. எழுதிக் கொடுத்தால் தவிர்க்க முடியாது.

தடிப்பு எவ்வளவு கொறையுதோ அவ்வளவு நல்லதுதானே?

இல்லை. ஸ்டீராய்டு ஊசி, பெரும்பாலும் ட்ரையாம்சினலோன், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். தழும்புக்குள் போக வேண்டியது பக்கத்திலோ கீழேயோ போனால், நல்ல தோலும் அடிக் கொழுப்பும் கரைந்து பள்ளம் விழும், வெள்ளையாகும், மெல்லிய ரத்தக் குழாய்கள் வலை மாதிரித் தெரியும். அல்ட்ராசவுண்டில் தடிப்பு எண் அழகாகக் குறைந்திருக்கும். அதனால்தான் பக்கத்துத் தோலையும் அளக்கச் சொன்னேன். தழும்பு பக்கத்துத் தோல் அளவுக்கு வந்தால் அங்கே நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் டாக்டரிடம் கேளுங்கள்.

எத்தனை தடவ எடுக்கணும்? மாசா மாசம் காசு போட முடியாதுங்க.

மூன்று போதும்: தொடங்கும் முன், மூன்றாம் மாதம், சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து. நடுவில் போன் படமும் ஷீட்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கெலாய்டு திரும்ப வரும் குணம் உள்ளது, முடிந்த அன்று எடுத்த ஸ்கேன் அதைச் சொல்லாது.

பாப்பாவுக்கு மூணு வயசுல சுட்டுச்சு, இப்போ எட்டு. வருசா வருசம் தழும்பு நீளமாகிட்டே போகுது. மருந்து வேலை செய்யலையா?

பாப்பாவே நீளமாகிக்கொண்டு போகிறாளே. உடம்போடு தழும்பும் நீளும். சென்டிமீட்டரை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். முன்கையின் நீளத்தையும் சேர்த்து அளந்து, தழும்பு அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று பாருங்கள். பங்கு கூடவில்லை என்றால் பரவவில்லை.

நான் பயப்படுவது அவள் வளர்ந்தும் தழும்பு நீளாமல் இருப்பதற்கு. தழும்பு இழுத்துப் பிடித்தால் முழங்கை முழுதாக நீளாது. ஸ்கேனில் தடிப்பு குறைந்திருக்கும், நிறம் நல்லபடியாக இருக்கும், கை மட்டும் வளைந்தே நிற்கும். இதற்கு ஒளியும் வேண்டாம், ஒலியும் வேண்டாம், மூட்டு எவ்வளவு மடங்குகிறது, நீள்கிறது என்று அளக்க என்னிடம் உள்ள பிளாஸ்டிக் கோனியோமீட்டர் போதும். வீட்டிலேயே பார்க்கலாம்: இரண்டு கையையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி முன்னால் நீட்டச் சொல்லுங்கள். ஒரு கை வளைந்தே நின்றால் அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே கூட்டிக்கொண்டு வாருங்கள்.